மூன்று மணிக்கு ஆற்றைக் கடந்தேன்

வாசல் குடில்,
மே 28.

அன்புள்ள அக்கா,

முழுசாக வந்து சேர்ந்துவிட்டேன். இரண்டு ரயில், ஒரு பேருந்து, கடைசியில் கோவேறு கழுதைக்காரர் ஒருவரோடு இரண்டு நாள் நடை. இரண்டு கட்டைவிரலிலும் கொப்புளம், மற்றபடி சுகம். உன் முட்டி எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரித் துணி அறையில் நாற்காலியை மாற்றித் தந்தார்களா, இல்லை இன்னும் தலையணை போட்டு உட்கார்ந்துதான் போர்வைகளுக்கு ஓரம் தைக்கிறாயா?

இந்த மலைப்பாதையில் மொத்தம் ஒன்பது குடில்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு நாள் நடை. நான் இருப்பது முதலாவது, இதை வாசல் குடில் என்கிறார்கள். விசாரணைக் கவுண்டரில் பதினேழு வருஷம் உட்கார்ந்து அடுத்தவன் வண்டி எத்தனை மணிக்கு, எந்த பிளாட்பாரம் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், இப்போதுதான் தனியாக ஓர் இடத்துக்குக் கிளம்பியிருக்கிறேன். வேலையை விட்டபோது நீ வாயால் ஒன்றும் சொல்லவில்லை, உன் புருவம் சொன்னது. நீச்சல், மாலைக் கல்லூரி, கல்யாணம் என்று எல்லாவற்றையும் முக்காலில் விட்டவன் என்பதால் எனக்கு ‘முக்கால்’ என்று பேர் வைத்தவளே நீதான். இந்த முறை ஒன்பதையும் முடிப்பேன். ஒவ்வொரு குடிலிலும் பத்து நாள் தங்கி, பார்த்ததையெல்லாம் எழுதுவேன். இறங்கும்போது கையில் ஒரு புத்தகம் இருக்கும்.

இங்கே ஒரு பழக்கம் இருக்கிறது. மறுகோடியிலிருந்து பாதையை முடித்து இறங்குகிறவர்கள், வாசலில் இருக்கும் பெரிய நோட்டில் தாங்கள் வந்த வழியை எழுதிவிட்டுத்தான் பூட்ஸைக் கழற்ற வேண்டும். அடுத்து ஏறுகிறவர்களுக்காகவாம். தடித்தடியாகப் பன்னிரண்டு நோட்டு இருக்கிறது. நேற்று முழுக்க அதைத்தான் படித்தேன்.

நாளைக் காலையில் புறப்படுகிறேன். முதல் நாளே ஒரு பாறை விளிம்பு வருமாம், ஓர் ஆள் அகலம்தான், பிடித்துக்கொள்ளச் சங்கிலி அடித்திருக்கிறார்கள். “கீழ பாக்காதீங்க, சங்கிலியப் பாத்துக்கிட்டே போங்க” என்றார் குடில்காரர்.

உன் மகள் வாலு படுக்கையை விட்டு எழுந்தாளா? அவளுக்கு என் முத்தம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி.


ஜூன் 12

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. கொப்புளத்தை ஊசியால் குத்தாதே, தானாக உடையட்டும். என் முட்டிக்கு ஒன்றும் இல்லை, நாற்காலிக்கும் ஒன்றும் ஆகவில்லை, இரண்டும் அப்படியே இருக்கின்றன.

வாலு எழுந்திருக்கவில்லை. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? உன் அத்தான் போய் பதினாறு மாசம் ஆகிறது. இருபத்திரண்டு வயசுப் பெண், சுவரைப் பார்த்துப் படுத்தவள் படுத்தபடியே கிடக்கிறாள். அன்றைக்கு அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, “வாயுதாம்பா, இதப் போட்டுக்கோ” என்று மாத்திரை கொடுத்தது அவள்தானே. மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்கிறவள் சொன்னால் யாரும் நம்பத்தானே செய்வார்கள். அவரும் போட்டுக்கொண்டு படுத்தார். நான் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாததும் தப்போ என்னவோ. போன வாரம் தலை வாரிவிட்டபோது கொத்தாக முடி கையோடு வந்தது. வேலைக்குப் போகிறபோது கதவை வெளியே பூட்டிக்கொண்டு போகிறேன் தம்பி, பயத்தில். மனசு ஆற்றமாட்டாமல் எழுதுகிறேன்.

ஆனால் ஒன்று நடந்தது. உன் கடிதத்தை அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தேன், எனக்காகத்தான். முடித்ததும் சுவரைப் பார்த்தபடியே, “அப்புறம் அந்தச் சங்கிலியத் தாண்டிட்டாராம்மா?” என்று கேட்டாள். ஒன்பது நாளில் அவள் பேசிய முதல் பேச்சு அது.

ஆகவே எழுது. ஒன்று விடாமல் எழுது. சீக்கிரம் எழுது.

அக்கா.


மூன்றாவது குடில்,
ஜூன் 24.

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறேன். நீ கதவைப் பூட்டிவிட்டுப் போவதைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. இதை அவளுக்குப் படித்துக் காட்டு.

வாலு, சங்கிலியைத் தாண்டிவிட்டேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தாண்டினால் ஒரு புல்வெளி வரும். காற்று அடிக்கும்போது புல் மொத்தமும் ஒரே பக்கம் சாய்ந்து, யாரோ கையால் தடவிவிட்ட மாதிரி மறுபடி நிமிரும். இரண்டாவது குடிலின் கதவு நீலம். தாழ்ப்பாள் கிடையாது, கதவு திறக்காமலிருக்க ஒரு குதிரை லாடத்தைச் செருகி வைத்திருக்கிறார்கள். மூன்றாவது குடிலில் அடுப்புக்கு மேல் கூரையில் ஓட்டை. ராத்திரி படுத்தால் அதற்குள் சரியாக ஒரே ஒரு நட்சத்திரம் தெரிகிறது. தனியாகப் படுத்திருக்கிறவனுக்கு ஒன்று போதும். இங்கே ஒருவருக்கும் என்னைத் தெரியாது, நான் எதையெதைக் கெடுத்தேன் என்றும் தெரியாது. காலையில் எழுந்து நடந்தால் போதும். நடப்பதற்கு மட்டும் யாரும் காரணம் கேட்பதில்லை.

அக்கா, இங்கிருந்து இறங்குகிறவர்களிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். நீ எப்போதும் போல வாசல் குடிலுக்கே எழுது. ஏறுகிறவர்கள் யாராவது கொண்டுவந்து தருவார்கள்.

வேலைக்குப் போகும்போது கதவைப் பூட்டாதே.

உன் தம்பி.


ஜூலை 6

அன்புள்ள தம்பிக்கு,

உட்கார்ந்துவிட்டாள். எழுந்து, கட்டிலில் சாய்ந்து, காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நீ எழுதியதை நான் படிக்கப் படிக்க, ஓட்டைக்குள் நட்சத்திரம் வந்த இடத்தில் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கித் தானே படித்தாள். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

இப்போது உன் பாதையின் வரைபடம் ஒன்றை வாங்கிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். என் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூலை எடுத்து, நீ போன தூரத்துக்கு ஒட்டிக்கொண்டே வருகிறாள். நேற்று தெருக்கோடி வரை போய்விட்டு வந்தாள். “நூத்தி எண்பது அடிம்மா” என்றாள். தெருவை நீயாவது அளந்ததுண்டா? கதவை இப்போது நான் பூட்டுவதில்லை.

உன்னிடம் இரண்டு கேள்வி. கவரெல்லாம் பாத்திரம் தேய்க்கிற சோப்பு வாசனை அடிக்கிறதே, ஏன்? அப்புறம், ஷூ நாடா இறுக்கினாலே ஊரைக் கூட்டுகிற ஆள் நீ, முட்டி வலி, முதுகு வலி என்று ஒரு வரிகூட இல்லையே. நிஜமாகவே உடம்பு தேறிவிட்டதா? சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, சந்தோஷத்தில்தான் கேட்கிறேன்.

நீ எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதே. நிறுத்தினால் அவள் மறுபடி படுத்துவிடுவாள். அதை நான் தாங்கமாட்டேன்.

அக்கா.


ஏழாவது குடில்,
ஜூலை 20.

அன்புள்ள அக்கா,

நீங்கள் இருவரும் சுகம்தானே? இந்தக் கடிதத்தை நான்கு முறை வேறு மாதிரி தொடங்கிக் கிழித்துப் போட்டேன். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அவள் இன்னும் கொஞ்சம் தேறட்டும். அப்புறம் சொல்கிறேன்.

வாலு, இன்று ஆற்றைப் பார்த்தேன். ஆறாவது குடிலுக்கும் ஏழாவதுக்கும் நடுவே, பனிமலையிலிருந்து இறங்கி வருகிறது. மேலே நாலு மணி நேரம் ஏறினால் கயிற்றுப் பாலம் உண்டு. ஆனால் ஆடு படுத்த மாதிரி ஒரு வெள்ளைப் பாறை இருக்கிறது, அதற்கு நேரே நடந்தே கடக்கலாம். நான் மூன்று மணிக்கு ஆற்றைக் கடந்தேன். மத்தியான வெயில் தண்ணீருக்குள் இறங்கி, அடியிலிருந்த கல்லையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டியது. பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். தண்ணீர் கணுக்காலுக்குத்தான். நடு ஆற்றில் நின்றேன். பின்னால் விட்டுவந்த கரையும் கொஞ்ச தூரம், போகவேண்டிய கரையும் கொஞ்ச தூரம். என் வாழ்க்கையில் அழாமல் நின்ற இடம் அதுதான். நீயும் ஒரு நாள் அங்கே நிற்க வேண்டும்.

அக்கா, ஆகஸ்ட் இருபதாம் தேதி வாக்கில் ஒன்பதாவது குடிலை எட்டிவிடுவேன். முட்டியைப் பற்றிக் கேட்டிருந்தாய். இருக்கிறது.

உன் தம்பி.


ஜூலை 29

அன்புள்ள தம்பிக்கு,

இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாகிறது. நேற்று கேட்டது. “கணுக்கால் அளவுத் தண்ணியில நின்னுக்கிட்டு மாமா என்னமா பேச்சு பேசுறாரு” என்று சிரித்தாள்.

திங்கட்கிழமை மருந்துக்கடைக்குத் திரும்பப் போனாள். முதல் நாள் கவுண்டர் வரை போய்த் திரும்பி வந்துவிட்டாள், இரண்டாம் நாள் நின்றாள். யாரோ ஒரு பெரியவர் நெஞ்செரிச்சல் என்று மாத்திரை கேட்டாராம். “ஆஸ்பத்திரிக்குப் போங்க, இப்பவே போங்க” என்று ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டுத்தான் விட்டாளாம். சாயந்திரம் வந்து சொன்னபோது அவள் முகம் பழைய வாலு முகம்.

பூட்ஸ் வாங்கியிருக்கிறாள். என் பழைய இஸ்திரிப் பெட்டியைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி மாடிப்படியை ஏறி இறங்குகிறாள். எதற்கடி என்றால் சும்மா என்கிறாள். உன் ஆற்றுக் கடிதத்தைத் தன் கையாலேயே நகல் எடுத்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறாள்.

உன்னை முக்கால் என்று கூப்பிட்ட வாயை நான் அலம்பிக்கொள்கிறேன். சொல்ல வேண்டும் என்றாயே, என்ன அது? மறுபடி கல்யாணம் என்றால் எனக்கு ஆட்சேபணையில்லை.

அக்கா.


ஆகஸ்ட் 9

தம்பி,

இது உன் கைக்கு எப்போது வருமோ தெரியவில்லை. வாலு கிளம்பிவிட்டாள். காலையில் எழுந்து பார்த்தால் கட்டில் விரித்தது விரித்தபடி மடிப்புக் கலையாமல் இருக்கிறது, மேலே ஒரு சீட்டு. அப்படியே எழுதுகிறேன்:

“அம்மா, திட்டாதே. நேரில் சொன்னால் நீ அழுவாய், நான் நின்றுவிடுவேன். மறுகோடி வழியாகப் போய் ஒன்பதாவது குடிலில் மாமாவைப் பிடிக்கிறேன். அவருக்குத் தெரியக்கூடாது, ஆச்சரியமாக இருக்கட்டும். இருபத்திரண்டாம் தேதி காலை வரை காத்திருப்பேன். வராவிட்டால் எதிரே நடப்பேன். எப்படியும் வழியில் மாட்டுவார். இருபத்துநாலாம் தேதி ஆற்றில் இருப்பேன். மாமா கடந்த அதே இடத்தில், அதே நேரத்தில் கடக்கப்போகிறேன். அப்பா போனபிறகு நானாக ஆசைப்பட்டது இது ஒன்றுதான்.”

எனக்குக் கை கால் ஓடவில்லை. கோபமும் வருகிறது, பெருமையாகவும் இருக்கிறது. பதினாறு மாசம் படுத்துக் கிடந்தவள் மலை ஏறப் போயிருக்கிறாள். நீ அங்கே இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவளைப் பார்த்ததும் ஒரு வரி எழுது. சாப்பிட்டாளா என்று எழுது.

அக்கா.


வாசல் குடில்,
ஆகஸ்ட் 17.

அக்கா,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. கழுதைக்காரர் வாசலில் நிற்கிறார், கால் மணி நேரம் தந்திருக்கிறார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒன்பதாவது குடிலில் இல்லை. ஏழிலும் இல்லை, மூன்றிலும் இருந்ததில்லை. மே மாசத்திலிருந்து இந்த வாசல் குடிலை விட்டு நகரவில்லை. சங்கிலிப் பாறையில் பன்னிரண்டாவது அடியில் கால் கல்லாகிவிட்டது. குடில்காரர் வந்து இடுப்பில் கயிறு கட்டி, பின்பக்கமாக அடி அடியாகக் கூட்டிக்கொண்டு வந்தார். இன்னும் இரண்டு முறை போனேன், இரண்டு முறையும் தவழ்ந்து திரும்பினேன். உன்னிடம் திரும்பி வர வெட்கமாக இருந்தது. பாத்திரம் தேய்த்துக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டேன். சோப்பு வாசனை அதுதான்.

உண்மையை எழுத உட்கார்ந்த அன்றுதான் உன் கடிதம் வந்தது, சங்கிலியைத் தாண்டினாரா என்று அவள் கேட்டாள் என்று. தாண்டவில்லை என்று எழுதக் கை வரவில்லை. பிறகு நான் எழுதியதெல்லாம் இந்த நோட்டுகளில் மற்றவர்கள் எழுதி வைத்தது. நீலக் கதவு, லாடம், நட்சத்திரம் எல்லாம் நிஜம், யாரோ பார்த்தது. நான் மாற்றியது ஒன்றே ஒன்றுதான். ஆற்றைப் பற்றி எழுதியவர் விடிவதற்கு முன்னால், ஐந்து மணிக்கு, இருட்டில் கடந்ததாக எழுதியிருக்கிறார், கால் மரத்துப்போனதாம். படுக்கையிலிருந்து இப்போதுதான் எழுந்த பிள்ளை அதைக் கேட்டு நடுங்க வேண்டாம் என்று நான் வெயிலைக் கொண்டுவந்தேன். மூன்று மணி என்று போட்டேன்.

இப்போது குடில்காரரிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. “மூணு மணிக்கா? பகல் வெயில்ல பனி உருகி மத்தியானம்தாங்க தண்ணி ஏறும். விடிகாலையில கணுக்கால்னா, மூணு மணிக்கு யானை இறங்கினாலும் இழுத்துக்கிட்டுப் போயிடும்.” 

பதினேழு வருஷத்தில் ஒரு வண்டியின் நேரத்தைக்கூட நான் மாற்றிச் சொன்னதில்லை அக்கா.

கீழே இறங்கிச் சுற்றிப் போனால் எட்டு நாள். பாதை வழியே ஏறினால் ஆறு நாளில் ஆற்றை எட்டிவிடலாம். இன்று பதினேழு. மேலே போக வேறு ஆள் இல்லை, குடில்காரருக்கு இடுப்பு சரியில்லை. நாளை விடிந்ததும் நான் சங்கிலிப் பாறையில் இருப்பேன். 

எனக்காக ஒன்றும் கேட்கவில்லை.

தம்பி.


ஆறாவது குடில்,
ஆகஸ்ட் 23.

அக்கா,

இதைக் கீழே கொண்டுபோக ஆள் இல்லை. பையிலேயே இருக்கட்டும். நானே கொண்டுவந்து தருகிறேன்.

சங்கிலியைத் தாண்டிவிட்டேன். இதை ஏற்கெனவே ஒரு முறை உனக்கு எழுதினேன், அது பொய். எப்படித் தாண்டினேன் தெரியுமா? கண்ணைச் சங்கிலியில் வைத்துக்கொண்டு, கவுண்டரில் சொல்வதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனேன். ஆறு பத்து, இரண்டாவது பிளாட்பாரம். ஆறு நாற்பது, நான்காவது பிளாட்பாரம். ஒரு வண்டிக்கு ஓர் அடி. பன்னிரண்டாவது அடியில் பன்னிரண்டாவது வண்டி வந்தது, நான் நிற்கவில்லை. கடைசி வண்டி போனபோது கால் புல்லில் இருந்தது. உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

அதற்கப்புறம் பார்த்ததில் உனக்குச் சொல்ல அழகாக ஒன்றும் இல்லை. நீலக் கதவு இருக்கிறது, பெயின்ட் உரிந்து பாதி பச்சையாகத் தெரிகிறது. லாடம் இருக்கிறது. அதைத் தொட்டபோது திருடன் மாதிரி கூசியது. மூன்றாவது குடிலில் மழை, ஓட்டை வழியாகத் தண்ணீர்தான் விழுந்தது. நாலாவது நாள் மூடுபனியில் வழி தப்பி அரை நாள் போனது. வலது முட்டி பானை மாதிரி வீங்கியிருக்கிறது. நீ கேட்டாயே, இப்போது சொல்கிறேன், வலி உயிர் போகிறது. 

மலை மேல் தனியாக நடக்கிறவனுக்கு மனசு லேசாகும் என்று அவளுக்கு எழுதினேன். எனக்கு அவள் முகத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அத்தான் போன அன்று மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாளே, அந்த முகம்.

ஆறாவது குடில்காரர் காலைப் பார்த்துவிட்டு, “ஒரு நாள் படுங்க” என்கிறார். இங்கிருந்து ஆற்றுக்கு ஆறு மணி நேரமாம். இந்தக் காலோடு எட்டாகும். விடிகாலை ஐந்துக்குக் கிளம்பினால் ஒரு மணிக்குள் அந்த வெள்ளைப் பாறையில் இருப்பேன். அவள் வரும்போது நான் எதிர்க்கரையில் உட்கார்ந்திருப்பேன். கையைக் காட்டி, பாலத்துக்குப் போ என்பேன். அவ்வளவுதான் வேலை.

வாலு என் மேல் கோபப்படட்டும். நீயும் படு. எத்தனை வருஷம் வேண்டுமானாலும் படு.

உன் தம்பி.


ஆகஸ்ட் 25

உனக்கு,

தம்பி என்று எழுதக் கை வரவில்லை.

கடிதம் வந்தது. நேற்றே இருபத்துநாலு. நீ எழுதியதைப் படிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும், எனக்கு ஒன்றும் தெரியாது. ஆஸ்பத்திரியில் போர்வை தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பயந்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் உன்னை யார் என்ன செய்திருக்கப் போகிறார்கள்? பயந்தவனை நான் வீட்டுக்குள் விடமாட்டேனா? என் பிள்ளையை எழுப்பி உட்காரவைத்து, நடக்கவைத்து, தண்ணீருக்கு அனுப்பினாய்.

உன்னை நான் வளர்த்தேன். இனி நீ எனக்கு ஒன்றும் இல்லை. அவள் இல்லாமல் நீ மட்டும் உயிரோடு இறங்கி வராதே.


வாசல் குடில்,
செப்டம்பர் 3.

அன்புள்ள அம்மா,

நான் உயிரோடு இருக்கிறேன். முதலில் அதை எழுதிவிடு என்றார் குடில்காரர். சாப்பிட்டேன். காலில் நாலு கொப்புளம், வேறு ஒன்றுமில்லை. நீ உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிட்டு வைத்துக்கொள்.

மாமா போய்விட்டார் அம்மா.

ஒன்பதாவது குடிலுக்கு அவர் வரவில்லை. குடில்காரர் அப்படி ஒருத்தர் இந்த வருஷமே வரவில்லை என்றார். எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் ஆடு படுத்த மாதிரி வெள்ளைப் பாறை, கயிற்றுப் பாலம் என்று மாமா எழுதியதெல்லாம் ஆற்றில் இருக்கிறது என்றும் அவரே சொன்னார். அதனால், ஆள் கண்ணில் படாமல் நடக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். “ஆத்துல இறங்காதே, பாலம் வழியா போம்மா” என்று ஒன்பதாவது குடில்காரர் இரண்டு தரம் சொன்னார். மாமா எழுதியது எனக்கு அவர் பேச்சைவிடப் பெரிதாக இருந்தது. எட்டிலும் ஏழிலும் ஆட்கள் கிடையாது, கேட்க யாரும் இல்லை.

மூன்று மணிக்கு ஆற்றில் இருந்தேன். கல் ஒன்றும் தெரியவில்லை, தண்ணீர் சாம்பல் நிறத்தில் ஓடியது. காது அடைக்கிற இரைச்சல். நான் தயங்கித்தான் நின்றேன். சத்தியமாக நின்றேன். அப்போது எதிர்க்கரையில் பாறைகளுக்கு நடுவே ஒரு ஆள் காலை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார். மாமா. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். என்னைப் பார்த்த சந்தோஷத்தில் ஆட்டுகிறார் என்று நினைத்தேன். கத்தினார், ஒரு சொல்லும் கேட்கவில்லை. பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். என் பக்கம் தண்ணீர் ஆழமில்லை. முழங்கால் வரை போனேன். அவர் இன்னும் ஆட்டினார். நானும் கை ஆட்டினேன்.

மாமா கையைக் கீழே போட்டார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். முதுகுப் பையைக் கழற்றிப் பாறை மேல் வைத்து, அது உருளாமலிருக்க ஒரு கல்லை எடுத்து வைத்தார். பூட்ஸைக் கழற்றவில்லை. அப்படியே ஆற்றில் இறங்கினார். நாலு அடிதான் வைத்தார். நாலாவது அடியில் இடுப்புக்கு மேல் தண்ணீர், அவரை அப்படியே தூக்கிக்கொண்டு போனது. ஒரு கை தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை.

ஆழம் எவ்வளவு என்று எனக்குக் காட்டுவதற்கு அவருக்கு வேறு வழி தெரியவில்லை. நான் பின்பக்கமாகவே அடி வைத்து என் கரைக்குத் திரும்பிவிட்டேன்.

பாலத்துக்கு ஓடி, சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வர மறுநாள் ஆகிவிட்டது. பையில் இருந்த கடிதத்தைப் படித்தேன், இதோடு வைத்திருக்கிறேன். ஆறாவது குடில்காரரும் ஏறி வந்த இரண்டு பேரும் தேடினார்கள், இருபத்தாறாம் தேதி கீழே மணல் திட்டில் கிடைத்தார். சங்கிலிப் பாறை வழியாகத் தூக்கி வர முடியாது என்றார்கள். உன்னைக் கேட்காமல் அங்கேயே புதைத்தோம் அம்மா. நானும் மண் போட்டேன். அவர் சட்டையில் பொத்தான் ஒன்று வேறு நிறத்தில் இருந்தது, நீ தைத்தது. அதை எடுத்து வைத்திருக்கிறேன்.

மறுபடி படுத்துக்கொள்வேனோ என்று நீ பயப்படுவாய். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. கண்ணை மூடினால் அந்த நாலு அடிதான் வருகிறது. அவரிடம் எனக்குக் கோபமே இல்லை. நல்லதுக்கென்று ஒரு வார்த்தை சொல்லி அது ஆளைக் கொல்லப்போனால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அதை அவரிடம் ஒரு தரம் சொல்லியிருந்தால் போதும்.

நேற்று சாயந்திரம் இங்கே வந்தேன். பூட்ஸைக் கழற்றுவதற்கு முன்னால் பெரிய நோட்டைக் கேட்டு வாங்கினேன். ஒன்பது குடிலையும் எழுதினேன். ஆற்றுக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் எடுத்துக்கொண்டேன். விடிகாலை ஐந்து மணிக்கு முன்னால் மட்டும் கடக்கலாம், அதற்கு மேல் யார் என்ன எழுதியிருந்தாலும் பாலத்துக்குப் போகவும் என்று எழுதி, நேரத்தை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டேன். கீழே மாமாவின் பேரையும் எழுதினேன், ஆறு குடில் நடந்தார் என்று.

இந்தக் கடிதம் இன்றே இறங்குகிறவர்களோடு முன்னால் வருகிறது, நாளைக் காலையில் கழுதைக்காரரோடு நான் கிளம்புகிறேன். எட்டு நாளில் வீட்டில் இருப்பேன். கதவைத் திறந்து வை.

இன்னொன்று. மாமா பேருக்கு நீ போட்ட கடிதம் ஒன்று இங்கே காத்துக்கொண்டிருந்தது. மெல்லிசான கவர். கோபம் வந்தால் நீ சுருக்கமாகத்தான் எழுதுவாய், எனக்குத் தெரியும். நான் பிரிக்கவில்லை, ஒட்டியது ஒட்டியபடி இதோடு வைத்திருக்கிறேன். “உங்க மாமா கிளம்பினப்புறம்தாம்மா இது வந்துச்சு” என்றார் குடில்காரர்.

மாமா அதைப் படிக்கவில்லை அம்மா.

வாலு.